மனதைத் தேடியவருக்குக் கிடைத்த தாளம்: ஈ.ஈ.ஜி. தந்த ஹான்ஸ் பெர்கரின் கதை

வலிப்பு வந்தவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் முக்கியமான டெஸ்ட்களில் ஒன்று ஈ.ஈ.ஜி. தலையில் பசை தடவி, சுமார் 20 இடங்களில் சின்னச் சின்னத் தகடுகளை ஒட்டுவார்கள். கண்ணை மூடச் சொல்வார்கள், திறக்கச் சொல்வார்கள், வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் திரை முழுக்க நெளிநெளியாகக் கோடுகள். வலி எதுவும் கிடையாது.

அந்தக் கோடுகள் என்ன? நாம் நினைப்பதெல்லாம் அதில் தெரிந்துவிடுமா? ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. பயப்பட வேண்டாம், எண்ணங்கள் தெரியாது. தெரிவது, மூளையின் நரம்பு செல்களான நியூரான்கள் கூட்டமாக வேலை பார்க்கும்போது உண்டாகும் தாளம்.

இந்தத் தாளத்தை மனிதரிடமிருந்து முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். வருடம் 1924. ஆனா, அவர் தேடிப் போனது வேறு ஒன்றை. ஒரு மனது இன்னொரு மனதுக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதுதான் அவர் கேள்வி. அதற்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. வழியில் கிடைத்த தாளமோ, மூளை தகவலை எப்படிக் கையாள்கிறது என்ற ஆராய்ச்சிக்கே தொடக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. பெர்கரின் வாழ்க்கைக் கதையே ரொம்ப காலம் தப்பாகச் சொல்லப்பட்டு வந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

குதிரையிலிருந்து விழுந்த சிப்பாய்

1873 மே 21 அன்று ஜெர்மனியின் கோபர்க் நகரை ஒட்டிய நொய்செஸ் என்ற ஊரில் பெர்கர் பிறந்தார். அப்பா மருத்துவர். அம்மாவைப் பெற்ற தாத்தா ஃபிரெட்ரிக் ரூக்கர்ட், ஜெர்மனியின் பெயர்பெற்ற கவிஞர். சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் என டஜன் கணக்கில் மொழிகளைப் படித்தவர். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. பேரன் பிறப்பதற்கு 7 வருடம் முன்பே தாத்தா காலமாகிவிட்டார்.

பேரனுக்கு ஆசை நட்சத்திரங்கள் மேல். வானியலாளர் ஆகலாம் என்று கணிதம் படிக்கப் போனார். ஒரு செமஸ்டரோடு அதை விட்டுவிட்டு, ஓராண்டு ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே நடந்த ஒரு விபத்து அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை திடீரென முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. பெர்கர் கீழே விழுந்தார். குதிரைகள் இழுத்து வந்த பீரங்கி வண்டி ஒன்று நேராக அவர் மேல் ஏறப் பார்த்தது. வண்டியை ஓட்டியவர் கடைசி நொடியில் நிறுத்திவிட்டார். காயம் இல்லை, ஆனா உயிர் போய் வந்த மாதிரி இருந்தது.

அன்று மாலை அப்பாவிடமிருந்து ஒரு தந்தி வந்தது. நலமா என்று விசாரித்து. வீட்டிலிருந்து அப்படி ஒரு தந்தி அதற்கு முன் வந்ததே இல்லை. பல மைல் தள்ளி ஊரில் இருந்த அக்கா, தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அடம்பிடித்து, அப்பாவைத் தந்தி அடிக்க வைத்திருக்கிறார்.

இன்று யாராவது இதைச் சொன்னால், தற்செயல் என்று விளக்கிவிடலாம். நெருங்கியவர்களைப் பற்றி நமக்குக் கெட்ட எண்ணம் வந்து, ஒன்றும் நடக்காமல் போன நாட்கள் எத்தனையோ இருக்கும். அவையெல்லாம் மறந்துபோகும். பொருந்தி வந்த ஒரு நாள் மட்டும் நினைவில் தங்கும். ஆனா, 20 வயதைத் தொடும் பெர்கருக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை. மரண பயத்தில் தன் மூளையிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி அக்காவை எட்டியிருக்கிறது என்று நம்பினார். வானியலை மறந்து மருத்துவத்தில் சேர்ந்தார்.

இந்தச் சம்பவத்தை அவர் அச்சில் எழுதியது கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து, 1940-ல் வெளியான ஒரு சிறு நூலில்.

எண்ணத்துக்கு வரவு செலவுக் கணக்கு

1897-ல் டாக்டர் பட்டம் வாங்கிய பெர்கர், யேனா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவமனையில் ஓட்டோ பின்ஸ்வாங்கர் என்ற பேராசிரியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ராணுவ மனநல மருத்துவராகப் போன காலம் தவிர, அவர் பணிக்காலம் முழுக்க அந்த ஒரே இடத்தில்தான். 1919-ல் பின்ஸ்வாங்கருக்கு அடுத்து அதன் தலைவரானார். 1927-28-ல் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பான ரெக்டர் பதவியிலும் இருந்தார்.

கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் ஒரு கறாரான ஆள். நேரம் தவறமாட்டார், அதிகம் பேசமாட்டார். நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. இந்த மனிதர் மனதைத் தாண்டிப் பயணிக்கும் ஒரு சக்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அருகில் இருந்தவர்கள் பலருக்கே தெரியாது.

அவர் யோசித்த விதம் பெரும்பாலும் அன்றைய இயற்பியல்தான். ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒன்று இன்னொன்றாக மாறும். மூளைக்குள் ரத்தம் வழியாக வேதியியல் ஆற்றல் வருகிறது. அதில் ஒரு பகுதி வெப்பமாகவும், ஒரு பகுதி மின்சாரமாகவும் போகிறது. இரண்டையும் துல்லியமாக அளந்து கழித்துவிட்டால், கணக்கில் இடிக்கும் மிச்சம்தான் மன ஆற்றலாக இருக்கும். இதுதான் அவருடைய திட்டம்.

முதலில் ரத்தத்தை அளந்தார். மண்டை ஓட்டில் திறப்பு இருந்த நோயாளிகளிடம், யோசிக்கும்போதும் பயப்படும்போதும் மூளையின் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அடுத்து வெப்பம். 1910-ல் மூளையின் வெப்பநிலை பற்றி ஒரு நூலே எழுதினார். இரண்டிலும் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை.

மிச்சம் இருந்தது மின்சாரம். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் 1875-லேயே காட்டியிருந்தார். பெர்கர் 1902 வாக்கில் நாய்களிடம் முயன்று பார்த்தார். அன்றைய கருவிகளுக்கு அந்த நுணுக்கம் போதவில்லை. முயற்சியை விட்டுவிட்டார். திரும்ப அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது.

1924 ஜூலை 6

யேனாவில் 17 வயது இளைஞர் ஒருவருக்கு நிகோலாய் குலெக்கே என்ற அறுவை மருத்துவர் மூளை அறுவை சிகிச்சை செய்திருந்தார். மண்டை ஓட்டின் ஒரு பகுதி எலும்பு எடுக்கப்பட்டிருந்ததால், அங்கே மூளைக்கு மேல் தோல்தான் தடுப்பு. அந்த இடத்தில் பெர்கர் மின்முனைகளை வைத்தார். அவரிடம் இருந்தது இழை கால்வனோமீட்டர். மெல்லிய இழை ஒன்று காந்தப் புலத்தில் தொங்கும். மின்சாரம் பாய்ந்தால் அசையும். இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஈ.சி.ஜி.க்காக உருவான கருவி இது. இதை வைத்து ஈ.சி.ஜி.யின் அடிப்படையை விளக்கிய வில்லம் ஐந்தோவனுக்குத்தான் அதே 1924-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இழை நடுங்கியது. ரொம்பச் சின்ன நடுக்கம்தான். ஆனா, விட்டுவிட்டு வரும் தொடர் நடுக்கம்.

வேறு யாராவது இருந்தால் அடுத்த மாதமே கட்டுரை எழுதியிருப்பார்கள். பெர்கர் 5 வருடம் வாயைத் திறக்கவில்லை.

காரணம், சந்தேகம். இது நிஜமாகவே மூளையிலிருந்து வருகிறதா? இதயத்தின் மின்சாரம் தலைவரை பரவுகிறதா? ரத்த நாளம் துடிப்பதால் மின்முனை அசைகிறதா? கண் இமைப்பதா? நெற்றித் தசை இழுப்பதா? மூச்சு விடுவதா? ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். மூளைப் பதிவோடு ஈ.சி.ஜி.யையும் சேர்த்து எடுத்து ஒப்பிட்டார். மின்முனைகளுக்கு வெவ்வேறு உலோகங்களை மாற்றிப் பார்த்தார். தலைத் தோலுக்குள் ஊசி மின்முனைகளைச் செருகியும் பார்த்தார். இன்னும் நுணுக்கமான கருவி ஒன்றை சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கினார். தன் தலையில் வைத்துப் பார்த்தார். மகன் கிளவுஸின் தலையில் மட்டும் 73 பதிவுகள் எடுத்தார்.

1929-ல் முதல் கட்டுரை வந்தது. மனிதனின் எலக்ட்ரென்கெஃபலோகிராம் என்ற பெயரை அதில்தான் அவர் உலகுக்குத் தந்தார். அதே தலைப்பில் 1938 வரை 14 கட்டுரைகள் எழுதினார். நொடிக்கு சுமார் 10 முறை வரும் பெரிய அலைக்கு ஆல்ஃபா என்றும், அதைவிட வேகமான சின்ன அலைக்கு பீட்டா என்றும் பெயர் வைத்தார். இன்றும் அதே பெயர்கள்தான்.

கண்ணை மூடினா அலை ஏன் பெருசாகுது?

பெர்கரின் பதிவுகளில் ஒரு விநோதம் இருந்தது. ஒருவர் கண்ணை மூடிச் சும்மா இருந்தால் ஆல்ஃபா அலை பெரிதாக வரும். கண்ணைத் திறந்தால் சட்டென்று சுருங்கிவிடும். கண்ணை மூடியபடியே மனக்கணக்குப் போடச் சொன்னாலும் சுருங்கும். மூளை உழைக்கும்போது அலை பெரிதாவதுதானே நியாயம்? நேர்மாறாக நடந்தது.

இதைப் புரிந்துகொள்ள, கோடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மற்ற நியூரான்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் சிக்னல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சிக்னலும் அதன் மின்நிலையைக் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும். ஏற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால் நியூரான் 'சுடும்'. அதாவது, ஆயிரத்தில் ஒரு நொடி மட்டுமே நீடிக்கும் மின் துடிப்பு ஒன்றை அடுத்த நியூரான்களுக்கு அனுப்பும்.

ஈ.ஈ.ஜி.யில் தெரிவது பெரும்பாலும் அந்தத் துடிப்புகள் அல்ல. அதற்கு முந்தைய ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை. அதுவும் எலும்பையும் தோலையும் கடந்து வருவதற்குள் ரொம்பவே மங்கிவிடும். ஒரு டார்ச் பேட்டரி 1.5 வோல்ட் என்றால், தலைக்கு மேல் கிடைப்பது அதில் சுமார் 30,000-ல் ஒரு பங்கு.

தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் வடத்தைப் பிடித்திருந்தாலும், ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. குரல் கொடுத்து எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். நியூரான்களும் அப்படித்தான். லட்சக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால்தான் தலைக்கு வெளியே தெரியும் அளவுக்கு அலை வரும்.

கண்ணை மூடியதும் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதிக்குப் புதிதாக வேலை எதுவும் வருவதில்லை. அங்கிருக்கும் நியூரான்கள் ஒரே தாளத்தில் ஆட ஆரம்பிக்கின்றன. கண்ணைத் திறந்ததும் ஒரு கூட்டம் நிறத்தைப் பார்க்கும், ஒரு கூட்டம் ஓரத்தைப் பார்க்கும், இன்னொன்று அசைவைப் பார்க்கும். ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு நேரம். கூட்டுத்தொகை குறைந்து அலை சுருங்குகிறது. உழைப்பு குறைந்ததால் அல்ல, உழைப்பு பிரிந்ததால்.

கேம்பிரிட்ஜில் ஒரு நீர்வண்டு

பெர்கரின் கட்டுரைகளை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எழுதியது ஜெர்மன் மனநல இதழில். நரம்பியல் ஆய்வாளர்கள் பலர் அதைப் படிப்பதே இல்லை. படித்தவர்களுக்கும் நம்பிக்கை வரவில்லை. கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்து இவ்வளவு அழகான அலையை உண்டாக்குமா? கருவிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கினார்கள். மின் கருவிகளில் பெர்கர் அப்படியொன்றும் கெட்டிக்காரர் இல்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

திருப்பம் 1934-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன், தனித்தனி நரம்பு இழைகளின் துடிப்பைப் பதிவு செய்து 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருக்கும் முதலில் சந்தேகம்தான். பிரையன் மேத்யூஸுடன் சேர்ந்து சோதனையைத் தானே செய்து பார்த்தார். ஏட்ரியனின் தலையிலிருந்து ஆல்ஃபா அலை அருமையாக வந்தது. மேத்யூஸின் தலையிலிருந்து அவ்வளவு நன்றாக வரவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அதில் தெரிந்தது.

ஒரு நீர்வண்டையும் அவர்கள் சோதித்தார்கள். வண்டின் கண்ணோடு இணைந்த நரம்பு முடிச்சிலும் இருட்டில் இதேபோன்ற தாளம் எழுந்தது. வெளிச்சம் பட்டதும் கலைந்தது. ஆக, இது மனித மனதின் தனிச்சிறப்பான சக்தி எதுவும் இல்லை. நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் வரக்கூடிய ஒரு பொதுவான நடத்தை. பெர்கர் ஒரு காலத்தில் எதிர்பார்த்ததற்கு ரொம்ப தூரம் தள்ளி வந்துவிட்டது அறிவியல்.

ஏட்ரியனும் மேத்யூஸும் அதற்கு பெர்கர் தாளம் என்று பெயர் சூட்டி, முழுப் பெருமையையும் அவருக்கே கொடுத்தார்கள். அடுத்த வருடமே ஹார்வர்டில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் ஒருவகை வலிப்பின்போது நொடிக்கு 3 முறை கூர்முனையோடு வரும் அலையைக் காட்டினார்கள். 1936-ல் கிரே வால்டர், மூளைக் கட்டி இருக்கும் இடத்தில் மெதுவான அலைகள் வருவதைக் கண்டுபிடித்தார். ஈ.ஈ.ஜி. மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது.

தாளம் நியூரானுக்கு என்ன செய்கிறது?

பெர்கரின் காலத்தில் கேள்வி, அலை இருக்கிறதா என்பது. இன்றைய கேள்வி, அது எதற்கு என்பது.

ரயில்வே கேட் ஒன்று நொடிக்கு 10 முறை திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும்போது வரும் வண்டி உடனே போய்விடும். அதே வண்டி மூடியிருக்கும்போது வந்தால் நிற்கும். வண்டி மாறவில்லை, வந்து சேர்ந்த நேரம்தான் மாறியது. மூளை அலையின் ஒரு பாதியில் நியூரான்கள் சுடும் எல்லைக்கு அருகில் இருக்கும். மறு பாதியில் தள்ளி இருக்கும். அதனால் ஒரே சிக்னலுக்கு ஒரு நேரத்தில் பதில் கிடைக்கும், இன்னொரு நேரத்தில் கிடைக்காது.

ஆல்ஃபா அலையைச் சும்மா ஓய்வின் அடையாளம் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது பல ஆய்வாளர்கள் அதை ஒரு தடுப்பாகப் பார்க்கிறார்கள். இடது பக்கம் மட்டும் கவனிக்கச் சொன்னால், வலது பக்கக் காட்சியைக் கையாளும் மூளைப் பகுதியில் ஆல்ஃபா கூடுகிறது. இப்போதைக்கு வேண்டாத தகவலை மூளை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது என்பது இதன் விளக்கம். ஆபீஸ் சத்தத்துக்கு நடுவே ஒரே மெயிலில் கவனம் வைக்க முடிகிறதே, அதற்கு இதுபோன்ற தடுப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னும் அழகான உதாரணம் எலிகளிடம் கிடைத்தது. மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இடத்தையும் நினைவையும் கையாளுகிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் சுடும் நியூரான்கள் அங்கே உண்டு. எலி நடக்கும்போது அந்தப் பகுதி முழுக்க நொடிக்கு சுமார் 8 முறை தீட்டா அலை ஓடும். ஜான் ஓ'கீஃபும் மைக்கேல் ரெக்கியும் 1993-ல் ஒன்றைக் கவனித்தார்கள். எலி அந்த இடத்துக்குள் நுழையும்போது நியூரான் அலையின் பிற்பகுதியில் சுடுகிறது. முன்னேற முன்னேற, ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னதாகச் சுடுகிறது. அப்போ, எத்தனை முறை சுட்டது என்பதில் மட்டும் தகவல் இல்லை. அலையின் எந்தக் கட்டத்தில் சுட்டது என்பதிலும் இருக்கிறது. தாளத்தில் எந்த அட்சரத்தில் அடி விழுகிறது என்பது மிருதங்கத்தில் முக்கியம் இல்லையா, அதுபோல. இடத்தை உணரும் நியூரான்களைக் கண்டுபிடித்ததற்காக ஓ'கீஃபுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து காமா என்ற வேகமான அலை. 1989-ல் ஃபிராங்ஃபர்ட்டில் வுல்ஃப் சிங்கர் குழுவினர் பூனையின் பார்வைப் பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். தள்ளித் தள்ளி இருக்கும் நியூரான்கள், ஒரே பொருளின் பகுதிகளைப் பார்க்கும்போது நொடிக்கு சுமார் 40 முறை என்ற தாளத்தில் சேர்ந்து சுட்டன. சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒன்றாகக் கட்டும் கயிறு இதுதானோ என்ற கருத்து அங்கிருந்து பிறந்தது. இரண்டு பகுதிகளின் கேட்கள் ஒரே நேரத்தில் திறந்தால்தான் அவற்றுக்கு இடையே தகவல் நன்றாகப் போகும் என்று பாஸ்கல் ஃப்ரீஸ் பின்னர் அதை வளர்த்தெடுத்தார்.

ஆனா, இது முடிந்துபோன விவாதம் அல்ல. மிஷின் ஓடும்போது ஒரு சத்தம் வரும். சத்தம் மிஷினை ஓட்டுவதில்லை. மூளை அலையும் அப்படி ஒரு பக்க விளைவுதானா? இதைச் சோதிக்க, மூளைத் திசுவுக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்புலம் கொடுத்துப் பார்த்தார்கள். நியூரான்கள் சுடும் நேரம் அந்தப் புலத்தோடு சேர்ந்துகொண்டது. அதாவது, அலைக்கு நியூரான்களை இழுக்கும் பலம் கொஞ்சமாவது உண்டு. எவ்வளவு, எந்த வேலைக்கு என்பதில்தான் இன்றும் சண்டை. ஒவ்வொரு புது முடிவுக்கும், பெர்கர் 5 வருடம் தன்னையே கேட்டுக்கொண்ட அதே கேள்வி வந்து நிற்கிறது: இது நிஜமா, வேறு எதன் நிழலா?

யேனாவில் இருந்த இன்னொரு கோப்பு

1937-ல் பாரிஸில் நடந்த சர்வதேச உளவியல் மாநாட்டில் ஏட்ரியனுடன் பெர்கருக்கும் முதல் மரியாதை. அடுத்த வருடம் 65 வயதில் ஓய்வு. 1941 ஜூன் 1 அன்று, கடுமையான மனச்சோர்வில் இருந்த அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த முடிவைச் சுற்றி ஒரு கதை பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. நாஜிகளை வெறுத்தார், அதனால் பதவியிலிருந்து விரட்டப்பட்டார், ஆய்வுக்கூடம் பறிபோன வேதனையில் இறந்தார் என்று. பாடப்புத்தகங்களிலும் இப்படித்தான் வந்தது. கேட்க நன்றாக இருந்தது, யாரும் கிளறவில்லை.

யேனாவின் ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் இந்த நூற்றாண்டில் எடுத்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. அவர் நாஜிக் கட்சி உறுப்பினர் இல்லை. ஆனா, எஸ்.எஸ். அமைப்புக்குப் பணம் கட்டும் ஆதரவு உறுப்பினர். 65-ல் ஓய்வு என்பது வழக்கமான வயது. நாட்குறிப்பில் யூதர்களுக்கு எதிரான கருத்துகள் இருந்தன. எல்லாவற்றையும்விடக் கனமானது, மரபு ஆரோக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் வகித்த பொறுப்பு.

அது என்ன நீதிமன்றம்? 1933-ல் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. மனச்சிதைவு, பிறவிப் பார்வையின்மை, காதுகேளாமை என நீண்ட அந்தப் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. சுமார் 4 லட்சம் பேர் அந்தச் சட்டத்துக்கு உடல்ரீதியாகப் பலியானார்கள். கீழ் நீதிமன்ற உத்தரவை எதிர்த்து மன்றாடி வந்தவர்களின் வழக்குகளைத்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்தது. பெர்கர் அங்கே உட்கார்ந்து கருத்தடை உத்தரவுகளுக்குத் துணைபோனார். 1941-ல், இனத் தூய்மை பேசிய கார்ல் ஆஸ்டெல் அவரை அந்த வேலைக்கு மீண்டும் அழைத்தபோது, வரத் தயார் என்று சம்மதமும் சொன்னார். அதன் பிறகு அதிக நாள் அவர் உயிரோடு இல்லை.

வலிப்பு என்பது மூளைத் தாளம் திடீரென்று கட்டுமீறும் ஒரு மின் நிகழ்வு என்று உலகம் பார்க்கத் தொடங்கியது அவர் தந்த கருவியால். அதே ஆண்டுகளில், வலிப்பு உள்ளவர்களைப் பிள்ளை பெறத் தகுதியற்றவர்கள் என்று சொன்ன சட்டத்துக்கு அவரே துணை நின்றார். இரண்டும் ஒரே மனிதர். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

மிச்சம் இருப்பது

தந்தி வந்த நாளுக்கு பெர்கர் தேடிய விளக்கம் கிடைக்கவே இல்லை. தான் பதிவு செய்த மின் அலை, ஒரு மூளையிலிருந்து பல மைல் தள்ளி இருக்கும் இன்னொரு மூளையை எட்டும் அளவுக்குப் பலமானது அல்ல என்பது அவருக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் தொலைவில் உணர்தலை அவர் நம்புவதை நிறுத்தவில்லை. 1940-ல் எழுதிய நூலில், மின்சாரம் அல்லாத வேறொரு மன ஆற்றல் இருக்க வேண்டும் என்றே வாதிட்டார். அதற்கு ஆதாரம் இன்றுவரை இல்லை.

மூளை அலையை வைத்து மனதைப் படிக்கிறோம், ஐ.க்யூ. சொல்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஹெட்பேண்ட்களைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச், இதயத் துடிப்பையும் அசைவையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. மூளை அலையை அது அளப்பதே இல்லை. ஈ.ஈ.ஜி.யின் நிஜமான பலம் வேறு இடத்தில். வலிப்பு எந்த வகை, எங்கே தொடங்குகிறது, கோமாவில் இருப்பவரின் மூளை எப்படி இயங்குகிறது, தூக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் இன்றும் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் வலிப்பு வராமல் வாழ முடியும். ஆனா, பெர்கர் காலத்துப் பயம் ஜெர்மனியோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவிலும் இந்துத் திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையாக வலிப்பு நோய் எழுதப்பட்டிருந்தது. 1999-ல் வந்த திருத்தம்தான் அந்த வார்த்தையை நீக்கியது. சட்டத்திலிருந்து போய்விட்டது. ஆனா, வரன் பார்க்கும் நேரத்தில் ஈ.ஈ.ஜி. ரிப்போர்ட்டை பீரோவில் ஒளித்துவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தாளில் இருப்பது ஒரு தாளத்தின் பதிவு. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது அதில் எழுதியிருக்காது.

(மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம்.)